கறுப்பு மருதாணி இலைச்சாறு அல்ல

‘ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கறுப்பு மருதாணி முழுக்க இயற்கையானது, முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு வைத்தால் போதும்’ என்று மணப்பெண்களுக்கான செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

மருதாணி இலையில் நிறம் தருவது லாசோன். விழுதை உதிர்த்ததும் உள்ளங்கை ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாக முற்றும். நன்றாகச் சிவந்தால் கணவன் பிரியமாயிருப்பான் என்றுதான் பாட்டிகளும் சொன்னார்கள். கறுத்தால் என்று யாரும் சொல்லவில்லை.

உடனே கறுத்தால், பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கிறது. சிலருக்கு வரைந்த கொடியின் வடிவிலேயே கொப்புளம் எழும்பும்; தழும்பும் தங்கலாம். அந்த ஒவ்வாமை வந்துவிட்டால், பிற்காலத்தில் நரைக்குச் சாயம் பூசுவதும் ஆபத்து.

அசல் மருதாணியைக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வைத்துவிடுங்கள்.