பேர்ல் பக்கின் கணவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

பேர்ல் பக்கை நம்மில் பலருக்குத் தெரியும், 1938இல் இலக்கிய நோபல் வாங்கியவர். அவருடைய முதல் கணவர் ஜான் லாசிங் பக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், எப்போதும் கணக்கும் அட்டவணையுமாகக் கிடந்த மனுஷன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சீனப் பொருளாதார வரலாற்றில் இறங்குகிற யாரும் அந்த அட்டவணைகளைத் தொடாமல் போக முடியாது.

1915இல் வேளாண் மிஷனரியாகச் சீனாவின் அன்ஹுய் மாகாணத்துக்குப் போனவர், 1920இல் நான்கிங் (இன்றைய நான்ஜிங்) பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பண்ணை மேலாண்மைப் பாடம் நடத்த வேண்டும், ஆனால் சீனப் பண்ணைகளைப் பற்றிய விவரம் கையில் இல்லை. மாணவர்களையே கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். 1922இல் வூஹு ஊருக்குப் பக்கத்தில் 102 பண்ணைகளில் தொடங்கிய வேலை, 1929 முதல் 1933 வரை நடந்த பெரிய கணக்கெடுப்பில் 22 மாகாணங்கள், 168 இடங்கள், 16,786 பண்ணைகள் என்று விரிந்தது. அதன் முடிவுகள் 1937இல் மூன்று தொகுதிகளாக அச்சில் வந்தன. அந்த டிசம்பரில் நான்கிங் ஜப்பானியப் படையிடம் விழுந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

அதில் எழுத்தறிவுக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு சாதாரணக் கடிதத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 30 பேர், பெண்களில் ஒரே ஒருவர். அன்றைய கிராமத்துப் பெண்ணின் நிலையை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

சரி, குறையே இல்லையா? உண்டு. விவசாயிகளில் பாதிக்கு மேல் சொந்த நிலக்காரர்கள், முழுக் குத்தகைக்காரர்கள் 17 சதவீதம்தான் என்றது அவர் கணக்கு. அதனால் நிலவுடைமையைவிட விவசாய முறைதான் சிக்கல் என்று நினைத்தார். சென் ஹன்ஷெங் போன்ற இடதுசாரி ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை, நிலம் யார் கையில் என்பதுதான் கேள்வி என்றார்கள். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பக்கூடிய குடும்பங்கள் இருந்த ஊர்ப்பக்கமே மாணவர்கள் அதிகம் போனதால், வசதியான பண்ணைகள் கூடுதலாகச் சேர்ந்துவிட்டன என்ற விமர்சனமும் நியாயமானது. நானும் இந்த விஷயத்தில் சென் பக்கம்தான்.

ஆனால் பக்கை மறுத்து எழுதியவர்களும் அவர் திரட்டிய எண்களை எடுத்துத்தான் மறுத்தார்கள். ஓர் ஆய்வாளருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் வாங்கியது 1933இல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. இன்று ஒருவர் பல வருடம் ஊர் ஊராகப் போய்த் தரவு மட்டும் சேர்த்தால், ‘கட்டுரை எத்தனை?’ என்று கேட்டே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தரவு திரட்டுவதை எடுபிடி வேலையாகப் பார்க்கும் இந்த வழக்கம் எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது. பக்கின் பழைய கணக்கெடுப்புத் தாள்களை நான்ஜிங்கில் தேடியெடுத்துக் கணினியில் ஏற்றி, புதிய தலைமுறை இன்றும் அவற்றை வைத்து ஆய்வு செய்துகொண்டிருக்கிறது. படிவத்தோடு வீடு வீடாகப் போன அந்த மாணவர்களின் பெயர்களையும் இனி சேர்த்தே சொல்லுங்கள்.