அத்தை இரண்டாவது வரிசையில் இருந்தார்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், வீடியோவும் சுற்றிவிட்டது. "கிழவிகள் பேச்செல்லாம் வரலாறு ஆகாது, ஆவணம் எங்கே?" என்று, பாட்டிகள் சொல்வதை நான் பதிவு செய்துவருவதைப் பற்றி ஒரு பேராசிரியர் கேட்டார். பாதி அரங்கம் கைதட்டியது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஆவணம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பேச்சும் வேண்டும், பழைய இதழும் வேண்டும், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். பத்து வருடமாகச் சொல்வது இதைத்தான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோனது பத்திரிகையில் இருக்கிறது. அப்போது என் அத்தைக்கு 11 வயது. தப்பி மண்டபம் வந்தபோது யார் திண்ணையில் ஏற்றினார்கள், யார் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று வீடு வீடாகச் சொல்வார். அது எந்தப் பத்திரிகையில் வந்தது?

நினைவு தப்பும் என்பீர்கள். தப்பும்தான். ரயில் போனது பகலில் என்று அத்தை சாதித்தார். அப்புறம் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போட்ட கட்டுக்குள் 1965 ஜனவரி வார இதழ் ஒன்று கிடைத்தது. தொட்டாலே உதிரும் தாள். பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பகல்ல நான் பார்த்தது தண்டவாளத்தைப்பா, ரயில இல்ல" என்றார். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம், அதுவரை வாயே திறக்காத விஷயங்களைச் சொன்னார். பிழையைத் திருத்தியதும் அந்த இதழ்தான், மீதியைப் பேச வைத்ததும் அந்த இதழ்தான்.

இந்தப் பாட்டிகள் தேதி சொல்ல மாட்டார்கள், சரி. "புயலுக்கு அடுத்த தையில காலேஜ் பையன்க ஊர்வலம் போனாங்க" என்பார்கள். 1965 ஜனவரி இந்தி எதிர்ப்புப் போராட்டத்தோடு அது அப்படியே பொருந்துகிறது. கேட்கத் தெரிந்தவனுக்கு அதுவும் தேதிதான்.

சாதிப் பெருமையும் கலந்து வருமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வரும். எனக்கே காது கூசியிருக்கிறது. அதையும் வெட்டாமல், யார் எப்போது சொன்னார் என்று குறித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை மணி நேரப் பதிவை யார் கேட்பார்கள் என்றால், நான் கேட்பேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பேராசிரியர் இல்லை, பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த புத்தகங்களையும் இதழ்களையும் வைத்துத்தான், அவர் இறந்த பிறகு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே உருவானது. அன்று யாராவது அவரைத் தடுத்திருந்தால் இன்று ஆவணம் கேட்பவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

வீட்டுப் பரணில் பழைய இதழ் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பாட்டி பேசினால் போனில் பதிவு செய்யுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேராசிரியர் பேசும்போது அத்தை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான்தான் கூட்டிப் போயிருந்தேன். பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "ஏப்பா, இனிமே ரிக்கார்டு பண்ண வர மாட்டியா?"

நாளைக் காலை போகிறேன்.