சளியின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

மூக்குச்சளி பச்சையாக வந்தாலே சைனஸ் (மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகள்) தொற்று என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை என்னால் ஏற்க முடியவில்லை. சாதாரண ஜலதோஷத்திலும் மூன்று நான்கு நாளில் சளி மஞ்சளாகும், பச்சையாகும். வெள்ளணுக்கள் கலப்பதால் வரும் நிறம் அது. பார்க்க வேண்டியது நாள்கணக்கை. 10 நாள் தாண்டியும் குறையவே இல்லை, அல்லது குறைந்து வந்தது மறுபடி காய்ச்சலும் கன்னவலியுமாகத் திரும்புகிறது என்றால் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். 102 டிகிரி காய்ச்சலும் முகவலியும் கெட்டிச்சளியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருந்தாலும் அப்படித்தான். இரண்டாம் நாளே மருந்துக்கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வாங்கி விழுங்குகிறார்களே, பார்க்கவே பதறுகிறது! ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸை அது ஒன்றும் செய்யாது. கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பார்வை மங்கினாலோ மட்டும் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.