ஹைப்போகுளோரஸ் ஸ்ப்ரே வாங்குமுன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

எதைப் பூசினாலும் சிவந்து எரியும் சருமம் உள்ளவர்களிடையே இப்போது அதிகம் பேசப்படுவது, கிருமிகளைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமில ஸ்ப்ரேதான். எனக்கும் அப்படிப்பட்ட சருமம் என்பதால், எந்த பிராண்டை வாங்கலாம் என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் புகழ்பெற்ற நிறுவனத்தின் பழைய பாட்டிலைவிட, அதிகம் அறியப்படாத நிறுவனத்தின் புதிய பாட்டில் மேலாக இருக்கக்கூடிய பொருள் இது. ஆகவே பெயரை விட்டுவிட்டு, பாட்டிலின் பின்பக்கத்தில் எதைப் படிக்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

இரத்தத்தில் உள்ள நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள், தாம் விழுங்கிய கிருமியைக் கொல்ல, மையலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் துணையோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் குளோரைடையும் கொண்டு இதே அமிலத்தைத்தான் உண்டாக்குகின்றன. விளம்பரங்கள் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு, உடலே தயாரிப்பதால் இது முற்றிலும் பாதுகாப்பானது என்கின்றன. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. வயிற்றில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உடல் தயாரிப்பதுதான். அதை யாரும் முகத்தில் தெளித்துக்கொள்வதில்லை. இந்த ஸ்ப்ரே பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால், அதற்குக் காரணம் அதன் செறிவு மிகக் குறைவாக இருப்பதும், அதன் பிஎச் (அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் எண்) அளவு தோலுக்கு நெருக்கமாக இருப்பதுமே.

செறிவைப் பொறுத்தவரை, சருமத்துக்கான தயாரிப்புகள் பெரும்பாலும் 0.01 முதல் 0.02 விழுக்காடு வரை, அதாவது 100 முதல் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும். தரையையும் மேசையையும் துடைப்பதற்கென்று விற்கப்படும் கரைசல்களில் இது இன்னும் கூடுதலாக இருக்கலாம். அவற்றைச் சருமத்துக்கு எடுக்கக் கூடாது. எண் கூடினால் பலன் கூடும் என்ற எண்ணம் எளிதில் எரியும் சருமத்துக்குப் பொருந்தாது. நான் 100 பிபிஎம் அளவிலேயே தொடங்கச் சொல்வேன்.

பிஎச் அளவுதான் உண்மையில் முக்கியம். லேபிளில் பலர் தேடாமல் விடுவதும் அதைத்தான். ஒரே கரைசலில் உள்ள குளோரின், பிஎச் மாறும்போது தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. பிஎச் 5 அளவில் அது ஏறக்குறைய முழுவதும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 7.5 அளவில் பாதி ஹைப்போகுளோரைட்டாக மாறியிருக்கும். அதற்கு மேலே போகப் போக, துணி வெளுக்கும் பிளீச்சின் குணம்தான் மிகுதியாகும். மாறாக 3.5க்கும் கீழே இறங்கினால் குளோரின் வாயு வெளிப்படத் தொடங்கும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பே 5ஐ ஒட்டிய மிதமான அமிலத்தன்மை கொண்டது என்பதால், 4.5 முதல் 6 வரை உள்ள தயாரிப்பைத் தேர்வது நல்லது. லேபிளில் பிஎச் குறிப்பிடப்படவில்லை என்றால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். அதைச் சொல்ல முடியாத நிறுவனத்தின் பொருளை நான் வாங்க மாட்டேன்.

அடுத்து, உட்பொருள் பட்டியல். உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தி இதைத் தயாரிப்பதால் தண்ணீர், சோடியம் குளோரைடு, ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற மூன்றோடு பட்டியல் முடிந்துவிடலாம். பிஎச் அளவை நிலைநிறுத்த ஓர் உப்பு சேர்ந்திருந்தாலும் தவறில்லை. நறுமணமோ, வாசனை எண்ணெயோ, தாவரச் சாறோ சேர்த்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அவை சருமத்தை உறுத்தும் என்பதோடு, கரிமப் பொருள் எதைத் தொட்டாலும் இந்த அமிலம் அதோடு வினைபுரிந்து தன்னைச் செலவழித்துக்கொள்ளும் என்பதால், அந்தச் சேர்க்கை வேதியியலுக்கே பொருந்தாதது.

இதில் உப்பு உண்டு என்பதைப் பலர் உணர்வதில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல் தெளித்துக்கொண்டு காயவிட்டால், வில்லையின் மீது நுண்ணிய வெண்புள்ளிகள் படிந்திருப்பதைக் காணலாம். அதே உப்புதான் கன்னத்திலும் படிகிறது. வறண்ட சருமத்தில் இழுப்பது போன்ற உணர்வும், வெடித்த எக்ஸிமாத் திட்டுகளில் சுரீர் என்ற எரிச்சலும் இதனாலும் ஏற்படலாம். ஆகவே இது மாய்ஸ்சரைசருக்கு மாற்று அல்ல. ஸ்ப்ரே காய்ந்ததும் மாய்ஸ்சரைசர் பூசியே ஆக வேண்டும்.

இனி, நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதும் தயாரிப்புத் தேதிக்கு வருகிறேன். வெளிச்சம், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் இந்த அமிலத்தைச் சிதைக்கும். சிதைந்த பிறகு பாட்டிலில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்பு நீர்தான். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தெளிந்தே இருக்கும் என்பதால் கண்ணால் வேறுபாடு காண முடியாது. ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் பாட்டில், சிறிய கொள்ளளவு, அண்மைய தயாரிப்புத் தேதி ஆகிய மூன்றும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அழகுக்காகத் தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து விற்பவர்கள் தாங்கள் விற்கும் பொருளை அறியாதவர்கள் என்றே நான் முடிவு செய்துவிடுவேன். மலிவாகக் கிடைக்கிறதென்று பெரிய கொள்கலனை வாங்கி, சிறிய பாட்டில்களில் ஊற்றி வைப்பதும் வீண்செலவு. ஐயம் இருந்தால், 200 பிபிஎம் வரை காட்டும் குளோரின் சோதனைத் தாளில் ஒரு முறை தெளித்துப் பார்க்கலாம். புதிய கரைசலில் அடர் ஊதாவாக மாறும் தாள், வீரியம் இழந்ததில் வெளிறிய சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். நீச்சல்குளத்துக்கான தாள் மிகக் குறைந்த அளவுகளுக்கானது. அது இதற்கு உதவாது.

வீட்டிலேயே உப்பையும் தண்ணீரையும் போட்டுத் தயாரித்துக்கொள்ளும் சிறு கருவிகளை உணர்திறன் மிக்க சருமத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அமிலப் பக்கத்தையும் காரப் பக்கத்தையும் பிரிக்கும் சவ்வு இல்லாத கருவியில் கிடைப்பது பெரும்பாலும் காரத்தன்மை கொண்ட ஹைப்போகுளோரைட் கரைசலே. அதில் வினிகரை ஊற்றிச் சரிசெய்யலாம் என்ற யோசனையும் உலவுகிறது. அளவு தவறினால் குளோரின் வாயு வெளிவரும் என்பதால் அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பயன்படுத்தும் வரிசையும் தேர்வைப் போலவே கவனத்துக்குரியது. கழுவித் துடைத்த முகத்தில் முதலில் தெளித்து, முழுவதும் காய்ந்த பிறகே மற்றவற்றைப் பூச வேண்டும். வைட்டமின் சி சீரத்தோடு இதைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்யும். ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். சன்ஸ்கிரீனின் மேல் நண்பகலில் தெளித்துக்கொள்பவர்கள், அதில் பெரும்பகுதி வியர்வையிலும் கிரீமிலுமே தீர்ந்துபோகிறது என்பதை அறிந்து தெளித்தால் போதும்.

புண்ணைக் கழுவுவதிலும் கண்ணிமை அழற்சியிலும் இதற்கு மருத்துவப் பயன்பாடு உண்டு. முகப்பரு, எக்ஸிமா ஆகியவற்றில் கிடைத்துள்ள ஆய்வுகள் சிறியவை. நம்பிக்கை தருகின்றன, அவ்வளவே. ஆகவே மருத்துவர் தந்த களிம்பை நிறுத்திவிட்டு இதை நம்புவது எனக்கு ஏற்புடையதல்ல.

முகத்துக்குப் போவதற்கு முன் முன்கையின் உட்புறத்திலோ தாடையின் ஓரத்திலோ ஒரு வாரம் தெளித்துப் பாருங்கள். தெளித்த கணத்தில் தோன்றி மறையும் மெல்லிய குறுகுறுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. காய்ந்த பிறகும் எரிச்சல் நீடித்தாலோ, மறுநாள் அந்த இடம் சிவந்திருந்தாலோ, லேபிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பாட்டில் உங்களுக்கானதல்ல.