மதகு யார் கையில்?

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது பத்திரத்தில் எல்லாம் இருந்தது. ஆளுக்கு எட்டு மா நிலம், நான்கெல்லை, கொல்லைத் தென்னை, அண்டா குண்டான் வரைக்கும். விட்டுப்போனது ஒரே ஒரு வரி: பெரியப்பா வயல் வழியாக வரும் வாய்க்காலில் எங்களுக்கு நீர் பாய்ச்சும் பாத்தியம். முதல் இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வருஷம் ஒரு கல்யாணப் பந்தலில் வார்த்தை தடித்தது. அடுத்த வாரமே வாய்க்கால் வரப்பாகிவிட்டது. அந்தச் சம்பா நாற்று எங்கள் கண்முன்னால் காய்ந்தது.

நான் கடைமடைக்காரன். தனிநாடு பற்றி யார் பேசினாலும் கொடியைப் பார்ப்பதற்கு முன்னால் மதகைத்தான் தேடுவேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படித்து அங்கேயே வேலையில் இருக்கும் அக்கா மகனுக்கு இது பிடிப்பதில்லை. "விடுதலைக்குக் கூடவா மாமா வரவு செலவு பாப்பீங்க?" என்கிறான். பார்க்காதவர்கள் பட்டதைத்தான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1947 பிரிவினையில் பஞ்சாபின் வயல்கள் பாகிஸ்தான் பக்கம் போயின, மாதோபூர், பெரோஸ்பூர் தலைமதகுகள் இந்தப் பக்கம் நின்றன. இருந்தபடியே தண்ணீர் போகட்டும் என்று ஒரு தற்காலிக ஒப்பந்தம் போட்டார்கள். அது 1948 மார்ச் 31-இல் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. மறுநாள், ஏப்ரல் 1, இந்தியப் பக்கத்துக் கிழக்குப் பஞ்சாப் கால்வாயை அடைத்துவிட்டது. ஒரு நாள் கூடப் பொறுக்கவில்லை! சிந்து நதி ஒப்பந்தம் உலக வங்கியின் மத்தியஸ்தத்தில் கையெழுத்தாக 1960 ஆயிற்று. அதையும் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. நமக்கும் காவிரியில் 1924 ஒப்பந்தம் 1974-இல் முடிந்த கதை தெரியும். நடுவர் மன்றம், மேல்முறையீடு என்று அலைந்து 2018-இல் 177.25 டிஎம்சி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குறைவுதான், வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் படியேற ஒரு கோர்ட்டாவது இருந்தது. இரண்டு நாடு என்றால் அந்தப் படியும் இல்லை.

தெற்கு சூடான் இன்னும் கொடுமை. 2011 ஜனவரியில் கிட்டத்தட்ட 99 சதவீதம் பேர் பிரிவுக்கு ஓட்டுப் போட்டார்கள். அவ்வளவு வருஷ ரத்தத்துக்குப் பிறகு வேறெப்படிப் போடுவார்கள்? பழைய சூடானின் எண்ணெயில் ஏறக்குறைய முக்கால் பங்கு அவர்களுக்கு வந்தது. ஆனால் கடலுக்குப் போகும் குழாய் வடக்கு வழியாகப் போகிறது. பெரியப்பா வயல் வாய்க்கால்தான். கூலி எவ்வளவு என்பதில் சண்டை. 2012 ஜனவரியில் தெற்கு தன் கிணறுகளைத் தானே மூடியது. அரசாங்கத்தின் வருமானம் ஏறக்குறைய முழுவதுமே எண்ணெய்தான், அதை நிறுத்திவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

செக்கும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரி 1-இல் பிரிந்தன. பொதுச் சொத்துக்கு மக்கள்தொகைக் கணக்கில் இரண்டுக்கு ஒன்று. நாணயம் மட்டும் கொஞ்சகாலம் பொதுவாக இருக்கட்டும் என்றார்கள், ஆறு வாரம் கூடத் தாங்கவில்லை. பழைய நோட்டிலேயே ஸ்டாம்பு ஒட்டி ஆளுக்கொரு பணமாக்கிக்கொண்டார்கள். ஆனால் அடிதடி இல்லை. பத்திரம் எழுதத் தெரிந்தவர்கள்!

ஸ்காட்லாந்தும் எழுதித்தான் பார்த்தது. 2014 வாக்கெடுப்புக்கு முன்பு அறுநூறு பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை. பவுண்டையே வைத்துக்கொள்வோம் என்றார் அப்போதைய ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட். பங்கு கிடையாது என்றார் லண்டன் நிதியமைச்சர் ஆஸ்போர்ன். செப்டம்பர் 18-இல் 55-க்கு 45 என்று பிரிவு தோற்றது. அந்தக் கோடையில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் அடுத்த ஜனவரியில் 50-க்குக் கீழே. தப்பித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, விலை ஏறும் இறங்கும். எண்ணெயை நம்பி பட்ஜெட் போடுவது மேட்டூரில் இன்றைக்கு நிற்கும் தண்ணீரை நம்பி மூன்று போகம் போடுவது மாதிரி.

இதே கேள்விகளைப் பூச்சாண்டியாகவும் காட்டுவார்கள், அதுவும் தெரியும். பணத்துக்கு என்ன செய்வாய் என்று அயர்லாந்தை மிரட்டியிருந்தால் அது பிறந்தே இருக்காது. அவர்கள் பிரிந்த பிறகும் 1979 வரை தங்கள் பணத்தை இங்கிலாந்து பவுண்டோடு ஒன்றுக்கு ஒன்று என்றே கட்டி வைத்திருந்தார்கள், ஒன்றும் மூழ்கிவிடவில்லை. ஈழத்தை இந்தக் கணக்கில் இழுக்க மாட்டேன். உயிர் பிழைக்கத் தனியே போகிறேன் என்றவனிடம் உன் நாணயம் என்ன என்று கேட்பது அநியாயம். நான் கேட்பது பேசிப் பிரிய நேரமும் மேசையும் இருப்பவர்களை.

ஸ்காட்லாந்து அரசு தானாக இன்னொரு வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்கா மகன் விடுவதாக இல்லை. 2014-இல் அங்கே குடியிருந்த காமன்வெல்த்காரர்களுக்கும் ஓட்டு இருந்ததாம். "இன்னொண்ணு வந்தா எனக்கும் ஓட்டு இருக்கும் மாமா, பிரியணும்னுதான் குத்துவேன்" என்றான்.

அவன் மாதாமாதம் அனுப்பும் பவுண்டில்தான் அக்கா போன வருஷம் போர்வெல் போட்டாள். "அப்புறம் எந்தக் காசுலடா சம்பளம் வரும், அம்மாவுக்கு எதை அனுப்புவ?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று வைத்துவிட்டான்.