கத்தாத கட்டுரைகள்

இப்போது வருகிற ஆய்வுக் கட்டுரைச் சுருக்கங்கள் பல சினிமா போஸ்டர் மாதிரி இருக்கின்றன. ‘புதுமையான’, ‘இதுவரை இல்லாத’, ‘முதன்முறையாக’. எனக்கு மட்டும்தான் எரிச்சல் என்று நினைக்க வேண்டாம். பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் சுருக்கங்களை எண்ணிப் பார்த்தே 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. 1974–80 காலத்தில் 2 சதவீதச் சுருக்கங்களில் இருந்த இதுபோன்ற பெருமைச் சொற்கள், 2014-ல் 17.5 சதவீதச் சுருக்கங்களுக்குப் பரவியிருந்தன. ஆராய்ச்சி அவ்வளவு அபாரமாகிவிட்டதா என்ன? போட்டியும் நிதியும்தான் காரணம் என்பது என் கணிப்பு.

கத்தாமலும் எழுதலாம். 2011 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். ஜெனீவாவிலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தாண்டி இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்துக்குப் போன நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோ நொடி (ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) முன்னதாக வந்ததாக ஓபெரா என்ற ஆய்வுக் குழுவின் கருவி காட்டியது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றார் என்று பத்திரிகைகள் குதித்தன. கட்டுரையின் தலைப்போ வெறும் ‘நியூட்ரினோ வேகத்தின் அளவீடு’. உள்ளேயும், எங்களுக்குத் தெரியாத பிழை இருக்கலாம், தொடர்ந்து தேடுகிறோம், கோட்பாட்டு விளக்கம் எதற்கும் வேண்டுமென்றே போகவில்லை என்று எழுதியிருந்தார்கள். சில மாதத்தில், சரியாகப் பொருத்தப்படாத ஒரு ஃபைபர் ஆப்டிக் கேபிள் அகப்பட்டது; நேரக் கணக்கு தப்பியது அதனால்தான். 2012 மார்ச்சில் குழுத் தலைவர் பதவி விலகினார் என்பது வேறு கதை. ஆனால் அந்தக் கட்டுரையின் வாசகங்களில் இன்றும் குறை சொல்ல முடியாது.

அதே 2012-ல் ஹிக்ஸ் துகள், இயற்பியலாளர்கள் பல்லாண்டாகத் தேடிய அடிப்படைத் துகள். கண்டுபிடிப்பு என்று சொல்லத் துகள் இயற்பியலில் வைத்திருக்கும் அளவுகோலான ஐந்து சிக்மாவை எட்டிய பிறகும், அதைத் தேடிய குழுக்களில் ஒன்றான அட்லஸ் தலைப்பில் போட்டது ‘ஒரு புதிய துகள்’ என்றுதான். ஹிக்ஸைத் தேடும்போது கிடைத்தது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

துறைக்குத் துறை தோரணை மாறும், மாறத்தான் வேண்டும். கணிதக்காரர் ‘நிறுவுகிறோம்’ என்று சொல்லலாம்; நிரூபணம் கண்முன்னே கிடக்கிறது, வரிவரியாகச் சரிபார்க்கலாம். வரலாற்றாசிரியர் ‘என் வாதம் இது’ என்று தன்னை முன்னால் நிறுத்துவதும் நியாயம், எந்தச் சான்று முக்கியம் என்று தேர்ந்தெடுத்தவர் அவர்தானே.

நம் தமிழ் ஆய்வேடுகள்தான் இடிக்கின்றன. முதல் இயலில் வைத்த கருதுகோள் கடைசி இயலில் தோற்றதாக நான் ஒன்றுகூடப் படித்ததில்லை. எல்லாமே ‘நிறுவப்பட்டது’. வாய்மொழித் தேர்வில் மாலை, பொன்னாடைக்கு முன்னால் யாராவது ஒருவர் கேட்கலாம்: என்ன சான்று கிடைத்தால் உங்கள் முடிவைக் கைவிடுவீர்கள்?