கனமான கிட்டாரில்தான் ஸ்வரம் நீடிக்குமா?

"சொல்லிச் செய்வித்த எலக்ட்ரிக் கிட்டாரின் உடலைக் குடைந்து எடையைக் குறைத்தால் ஸ்வரம் நீடிக்காது" என்ற கூற்று கிட்டார் வாசிப்பவர்களிடையே பரவி வருகிறது. இது சரியன்று.

கிப்சன் நிறுவனம் 1980-களிலேயே தன் லெஸ் பால் வகை கிட்டார்களின் மகோகனி மர உடலில், மேலே ஒட்டப்படும் மேப்பிள் பலகைக்கு அடியில், ஒன்பது துளைகளை இட்டு எடையைக் குறைத்தது. துளைகள் வெளியே தெரியாததால், வாங்கிய பலர் அதை அறியாமலேயே ஆண்டுக்கணக்கில் வாசித்து வந்தனர். உள்ளே குடையப்பட்ட ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் தின்லைன் கிட்டாரும் 1968-இல் அறிமுகமானது.

தந்தியின் அதிர்வு விரைந்து அடங்குவதற்கு முக்கியக் காரணம், கழுத்துப் பகுதி சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் தானும் எளிதாக அதிர்ந்து தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதே. அதனால்தான் தோளை அழுத்தும் கனத்த கிட்டாரிலும் ஏதேனும் ஒரு ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) மட்டும் ஸ்வரம் சட்டென்று செத்துவிடுகிறது.

20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. ஆழத்தில் மகோகனியைக் குடைந்தால் ஏறத்தாழ 275 கிராம் குறையும். அப்படி இரண்டு என்றால் அரைக் கிலோவுக்கு மேல். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று: உடல் மட்டும் இலேசானால் கழுத்து தரையை நோக்கிச் சாயும். ஆகவே தலைப்பகுதியில் தந்திகளை இறுக்கும் முறுக்காணிகளையும் இலேசானவையாக மாற்றுவது நல்லது.